பெயர் கேட்ட கழுதை

ஒரு காட்டில், வெயில் ஏறினால் தூங்கி, வெயில் இறங்கினால் எழுந்திருக்கும் கூட்டம் ஒன்று ஆட்சி செய்துவந்தது. அவை கழுதைப்புலிகள். தெற்கே இருந்த கல்குன்று அவற்றின் கோட்டை. இரவெல்லாம் வேட்டையாடும், பகலெல்லாம் குகைக்குள் குறட்டை விடும்.

வேட்டையாடிய இரையைக் குன்றின் உச்சிவரை சுமந்து ஏற்றுவது யார் என்று நினைக்கிறீர்கள், குழந்தைகளே? கழுதைகள்!

வெகு காலத்துக்கு முன்பு வழிதவறிக் காட்டுக்குள் வந்த கழுதைக் கூட்டம் ஒன்றைக் கழுதைப்புலிகள் வளைத்துப் பிடித்தன. தின்னத்தான் பிடித்தன. ஆனால் கிழட்டுக் கழுதைப்புலி ஒன்று, "இன்றைக்குத் தின்றால் ஒருவேளைப் பசிதான் தீரும். சுமக்க வைத்தால் ஆயுள் முழுக்கச் சுமக்கும். முதுகு ஒடிந்த பிறகு தின்றுகொள்ளலாமே!" என்று யோசனை சொன்னது.

அன்று பிடித்தது அடிமைத்தனம். குன்றில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இடது காதில் ஒரு கடி விழும். காது கிழிந்த கழுதை எங்கே நின்றாலும் அது குன்றுக்குச் சொந்தம்.

அந்தக் குன்றுக்குக் கிழக்கே மணல் ஓடை ஒன்று. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் வறண்டு கிடக்கும். ஓடைக்கரையில், ஆள் உயரச் செம்மண் புற்றுக்குப் பக்கத்தில், வளை தோண்டி வாழ்ந்தது ஓர் அழுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புதின்னி. அதன் பெயர் சுருளி.

சுருளிக்கு எதைக் கண்டாலும் பயம். சருகு உதிர்ந்தால் பயம். அணில் கத்தினால் பயம். பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் போர்த்திக்கொண்டு, செதில் பந்தாகச் சுருண்டுவிடும். "சுருளிக்கு நடப்பது பாதி, சுருள்வது பாதி" என்று காட்டில் கேலி பேசுவார்கள்.

ஆனால் கேலி பேசியவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. குன்றிலிருந்து தப்பி வரும் கழுதைகளுக்கு முதல் ஒளிவிடம் சுருளியின் ஓடைக்கரைதான்.

இந்தப் பயந்தாங்கொள்ளி அந்த வேலையில் எப்படி இறங்கியது? ஒருமுறை விடிகிற நேரத்தில் சுருளி புற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது, கழுதைப்புலிகள் வேட்டை முடிந்து திரும்பி வந்தன. வளைக்கு ஓட நேரமில்லை. அப்போது சுமையோடு வந்த கழுதை ஒன்று கால் இடறியதுபோல் சுருளியின்மேல் படுத்துவிட்டது. கழுதைப்புலிகள் அதை உதைத்தன, தொடையில் கடித்தன. அது வேண்டுமென்றே மெதுவாக எழுந்தது. அதற்குள் சுருளி புற்றுக்குப் பின்னால் நழுவிவிட்டது. அந்தக் கழுதை எது என்று சுருளிக்குத் தெரியாது. சில நாள் கழித்து உண்ணிக்கொக்கு வந்து, "ஒளிவதற்கு இடம் வேண்டும். தருவாயா?" என்று கேட்டபோது, சுருளி நடுங்கிக்கொண்டே "தருகிறேன்" என்றது.

உண்ணிக்கொக்கு கழுதைகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் பறவை. அதைக் கழுதைப்புலிகள் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அது வாயைத் திறந்தால் நான்கு சொல்லுக்குமேல் பேசாது. "நாளை. உச்சிவெயில். ஒருவர்." அவ்வளவுதான்; பறந்துவிடும்.

கழுதைப்புலிகள் ஆழ்ந்து தூங்குவது உச்சிவெயிலில்தான். அந்த நேரத்தில் இறங்கி வரும் கழுதையைச் சுருளி ஓடைக்கரைப் பள்ளத்துக்குள் கூட்டிப்போகும். வெள்ளம் குடைந்த பள்ளம் அது. மேலே காரைமுள் அடர்ந்து மூடியிருக்கும். இரண்டு கழுதைகள் நெருக்கிப் படுக்கலாம். பிறகு சுருளி புற்றின் வடக்குப் பக்கத்தில் நகத்தால் கீறும். புது மண் சிவப்பாகத் தெரியும். சேற்றில் புரள வரும் காட்டுப்பன்றி முசுடன் அதைப் பார்த்துத் தன் கூட்டத்தோடு உறுமிக்கொண்டு வரும். கழுதையை நடுவில் விட்டு இருபது பன்றிகள் மண்ணை உழுதுகொண்டு நடந்தால் குளம்புத் தடம் என்று ஒன்று மிஞ்சுமா?

முசுடனுக்கு அப்பால் யார்? சுருளிக்குத் தெரியாது. கொக்குக்கு முன்னால் யார்? அதுவும் தெரியாது. வடக்கே ஒரு ஆறு ஓடுகிறது, அக்கரை யானைகளின் மேய்ச்சல்காடு, அங்கே கழுதைப்புலிகள் கால் வைப்பதில்லை என்பது மட்டும் தெரியும். அவரவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அதற்குமேல் யாருக்கும் யாரையும் தெரியாது. அப்படித்தான் அந்தக் கூட்டு நடந்தது.

அந்த வழியாக மூன்று கழுதைகள் தப்பிப் போயின. நான்காவதாக வந்தது தவிட்டி. கூடவே அதன் குட்டியும்.

அன்று காலையில் கொக்கு, "இன்று. உச்சிவெயில். ஒன்றரை," என்று மட்டும் சொல்லியிருந்தது. ஒன்றரை என்றால் என்ன என்று சுருளிக்குக் குட்டியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"அக்கா, என் குட்டிக்குக் காதுக்கடி விழுந்து நான்கு நாள்தான் ஆகிறது. வடக்கே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இதனால் முடியுமா?" என்று கேட்டது தவிட்டி.

"எனக்குத் தெரிந்தவரை கொஞ்சம் தூரம்தான். அதற்குமேல் எனக்குத் தெரியாது," என்றது சுருளி.

"வழியில் தண்ணீர் உண்டா?"

"பன்றிக் குட்டையில் உண்டு. சேறு. ஆனாலும் தண்ணீர்."

"முள் உண்டா?"

"உண்டு."

"பரவாயில்லை," என்றது தவிட்டி. அதன் முதுகில் சுமை உரசிய புண் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

காத்திருந்த நேரத்தில் தவிட்டி குன்றைப் பற்றிச் சொன்னது. தலைவன் வரிமுதுகன். பகல் காவல் அதன் தம்பி கூழைவாலனுக்கு. "காவலாவது ஒன்றாவது! ஆலமர நிழலில் மல்லாந்து கிடக்கும். அண்ணன் கேட்டால், 'கண் இமைக்கவில்லை அண்ணா' என்று சத்தியம் செய்யும். அதற்குப் பயமில்லை, அக்கா. பயமெல்லாம் எங்கள் இனத்தானைக் கண்டுதான்."

"உங்கள் இனமா?"

"உடையான் என்று ஒரு கழுதை. எங்களுக்குக் கங்காணி. அதன் காதை மட்டும் வரிமுதுகன் கடிக்காமல் விட்டுவைத்திருக்கிறது. முதுகில் புண் இல்லை. சுனைக்கரைப் பசும்புல் அதற்கு மட்டும்தான். யார் மெதுவாக நடந்தார், யார் யாரோடு பேசினார் என்று போய் ஓதிக்கொண்டே இருக்கும். உச்சிவெயிலில் அது சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் இறங்கி வந்தேன்."

முசுடன் உறுமிக்கொண்டு வந்தது. தவிட்டியும் குட்டியும் பன்றிக் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தன. சுருளி வளைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை.

பதினைந்து நாள் கழிந்தது. ஒரு நண்பகலில் ஓடை மணலில் தடதடவென்று ஓசை கேட்டது.

"யாராவது இருக்கிறீர்களா? தாயே! காப்பாற்றுங்கள்!"

கொக்கு எதுவும் சொல்லவில்லையே! ஆனால் சொல்லாமலும் வருவதுண்டு. இரண்டாவதாக வந்த கழுதை அப்படித்தான் பொறுக்க முடியாமல் ஓடி வந்தது. சுருளி வளைவாயில் மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது.

ஓடை நடுவில் ஒரு கழுதை நின்றது. இடது காது கிழிந்து இரத்தம் உறைந்திருந்தது. முதுகெல்லாம் சேறு.

"சத்தம் போடாதே! இந்தப் பக்கம் வா," என்றது சுருளி.

கழுதை பள்ளத்துக்குள் வந்து படுத்தது. மூச்சு வாங்கியது.

"காது புதுப் புண்ணாக இருக்கிறதே?"

"வெளியூர்க் கழுதை நான். போன வாரம்தான் பிடித்தார்கள், தாயே. என் பெயர் ஏழையன். இனி ஒருநாள்கூட அந்தக் குன்றில் இருக்க மாட்டேன்!"

பாவமாகத்தான் இருந்தது. சுருளி புற்றைக் கீறக் கிளம்பியது.

"தாயே, எங்கே போகிறீர்கள்?"

"உன்னைக் கூட்டிப்போக ஆள் வர வேண்டாமா?"

"யார் வருவார்?"

"வருகிறவர் வருவார்."

"அவர் பெயர் என்ன?"

சுருளி நின்றது. "பெயர் எதற்கு?"

"நன்றி சொல்லத்தான். உயிரைக் காப்பாற்றுகிறவரின் பெயர்கூடத் தெரியாமல் போவது மரியாதையா? உங்கள் பெயர் என்ன? உங்களுக்குக் குன்றிலிருந்து தகவல் சொல்வது யார்? இங்கிருந்து கூட்டிப்போகிறவர் என்னை யாரிடம் ஒப்படைப்பார்?"

சுருளி தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுவிட்டது.

"அட, பயப்படாதீர்கள் தாயே! நான் என்ன கழுதைப்புலியா?" என்று சிரித்தது கழுதை.

சுருண்ட இருட்டுக்குள்தான் சுருளிக்கு யோசனை ஓடும். இதுவரை வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. முதலில் வந்தது, 'மலை ஏற வேண்டுமா?' என்று கேட்டது. இரண்டாவது எதையுமே கேட்கவில்லை, அழுதது. மூன்றாவது, 'அக்கரையில் புல் இருக்குமா?' என்றது. தவிட்டி தண்ணீர் கேட்டது, முள் கேட்டது. உயிருக்கு ஓடுகிறவர்களுக்குப் பெயரில் என்ன வேலை?

சுருளி செதில் இடுக்கு வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கழுதையின் முதுகுச் சேறு வெயிலில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு புண்கூட இல்லை. பளபளவென்று, பசும்புல் தின்று வளர்ந்த முதுகு.

'உடையான்!'

புற்றைக் கீறினால் முசுடன் மாட்டிக்கொள்ளும். முசுடனுக்கு அப்பால் இருப்பவரும் மாட்டிக்கொள்வார். 'ஒன்றும் தெரியாது, போய்விடு' என்றால், இன்று மாலையே கழுதைப்புலிகள் கூட்டமாக வந்து ஓடைக்கரையைத் தோண்டிப் போட்டுவிடும். வளைக்குள் புகுந்து மூடிக்கொண்டால் தன் உயிர் தப்பும். மற்றவர்கள் உயிர்?

நெடுநேரம் கழித்துச் சுருளி மெல்ல விரிந்தது.

"தம்பி, நன்றி சொல்லத்தானே கேட்கிறாய்?"

"சத்தியமாக!"

"பெயரை வெளியே விட்டுவிடக் கூடாது. விட்டால் எங்கள் வழியே அடைந்துபோகும்."

"இந்தக் கிழிந்த காதின்மேல் ஆணை!"

சுருளி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "இந்த வழியைத் திறந்துவிடுகிறவர் கூழைவாலர்."

கழுதையின் இரண்டு காதும் நிமிர்ந்தன. "கூழைவாலரா? தலைவரின் தம்பியா? நம்பும்படி இல்லையே!"

"நீயே யோசித்துப் பார். உச்சிவெயிலில் காவல் யாருடையது?"

"அவருடையது."

"குட்டியோடு சேர்த்து ஐந்து பேர் பட்டப்பகலில் இறங்கி வந்திருக்கிறார்கள். கண் இமைக்காமல் காவல் இருக்கிறவர் கண்ணில் ஒரு வால்கூடவா படாது?"

"அது... சரிதான். ஆனால் அவர் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்?"

"பெரிய இடத்து விவகாரம், நமக்கு எதற்கு? சுமக்க ஆளில்லாமல் அண்ணன் திண்டாடினால் குன்று தன் கைக்கு வரும் என்று நினைக்கிறாரோ என்னவோ. சரி, நீ படுத்திரு. ஆள் வர மாலையாகும். நான் இரண்டு எறும்பு பொறுக்கித் தின்றுவிட்டு வருகிறேன்."

சுருளி புற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து கழுதை வெளியே வந்தது. அக்கம்பக்கம் பார்த்தது. பிறகு மேற்கே, குன்றை நோக்கி, வால் தூக்கி ஓடியது.

சந்தேகத்துக்கு இனி இடமில்லை. சுருளி அன்று பன்றிக் குட்டைக்குத் தானே போய், "நான் கூப்பிடும்வரை ஓடைப் பக்கம் வராதே," என்றது.

"ஏன்?" என்று உறுமியது முசுடன்.

"கேட்காதே."

முசுடன் கேட்கவில்லை.

சுருளி திரும்பி வந்து வளைக்குள் புகுந்தது. தூக்கம் வரவில்லை. பொய் பலிக்காவிட்டால் கழுதைப்புலிகளின் நகம் முதலில் தோண்டப்போவது தன் வளையைத்தான் என்று அதற்குத் தெரியும். மண் அதிரும்போதெல்லாம் சுருண்டது. அதிராதபோதும் சுருண்டே கிடந்தது.

மறுநாள் உச்சிவெயிலில், எல்லாக் கழுதைப்புலிகளும் தூங்க வேண்டிய நேரத்தில், குன்றிலிருந்து ஊளை கிளம்பியது. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக. கற்கள் உருண்டன. காக்கைகள் குன்றின்மேல் வட்டமடித்தன.

உண்ணிக்கொக்கு விருட்டென்று பறந்து வந்து புற்றின்மேல் இறங்கியது.

"அண்ணன் தம்பி சண்டை. வருகிறார்கள்."

"யார் வருகிறார்கள்?"

"கழுதைகள்."

"எத்தனை பேர்?"

"எல்லோரும்," என்றது கொக்கு.

சுருளி எட்டிப் பார்த்தது. ஓடை மணலில் கழுதைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பதினொன்று! இரண்டுபேர் படுக்கும் பள்ளம் எங்கே, பதினொரு கழுதைகள் எங்கே?

முன்னால் வந்தது செவலை என்ற கிழட்டுக் கழுதை. குன்றில் நடந்ததை அதுதான் சொன்னது.

கழுதைகள் தப்பிப் போகும் வழியைக் கண்டுபிடிக்கத் தானே ஒற்றனாகப் போவதாகச் சொன்னது உடையான்தானாம். "அடையாளம் வேண்டுமே!" என்று சொல்லி வரிமுதுகன் அதன் காதைத் தன் பல்லாலேயே கிழித்து அனுப்பியதாம். உடையான் திரும்பி வந்து கிசுகிசுத்ததைக் கேட்டு, தம்பியின் அடுத்த காவல் நேரம்வரை காத்திருந்த வரிமுதுகன் கூட்டத்தையெல்லாம் எழுப்பித் தம்பியை நடுவில் நிறுத்தியது.

"தம்பி, பகல் காவலில் நீ தூங்குவதுண்டா?"

"ஐயோ அண்ணா! கண் இமைக்கவில்லை."

"ஒருநாள்கூட?"

"ஒருநாள்கூட!"

"அப்படியென்றால் ஐந்து கழுதைகள் இறங்கிப் போனதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாயா?"

தூங்கிவிட்டேன் என்று கூழைவாலன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு கடியோடு போயிருக்கும். சொல்லவில்லை. "எவன் சொன்னான்?" என்று பாய்ந்தது. பாதிக் கூட்டம் அண்ணன் பக்கம், பாதிக் கூட்டம் தம்பி பக்கம் என்று பிரிந்தது. ஒன்றையொன்று குதறத் தொடங்கின.

"விடியலில் ஏற்றிய சுமையை இறக்க யாரும் சொல்லாததால் நாங்கள் அதோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்," என்றது செவலை. "யாரும் எங்களைப் பார்க்கவில்லை. நான் சுமையைக் கீழே சரித்தேன். யாரும் கேட்கவில்லை. ஒரு அடி வைத்தேன். அப்போதும் யாரும் கேட்கவில்லை. நடந்து வந்துவிட்டோம்."

சுருளி பள்ளத்தைப் பார்த்தது. குன்றைப் பார்த்தது. சண்டை எவ்வளவு நேரம் நடக்கும்? புற்றைக் கீறிவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. வரவேண்டாம் என்று முசுடனிடம் சொன்னதும் சுருளிதானே!

"என் பின்னால் வாருங்கள்," என்றது.

அழுங்கு பகலில் நடப்பதே அபூர்வம். அதுவும் ஓடை நடுவில், ஊரறிய, பதினொரு கழுதைகளுக்கு முன்னால்! சுருளி நகங்களை மடித்துக்கொண்டு, விரல்முட்டியை ஊன்றித் தத்தித் தத்தி நடந்தது. நான்கு அடிக்கு ஒருமுறை சுருளத் தோன்றியது. சுருளவில்லை. கழுதைகள் பின்னால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"அக்கா, உங்கள் கால் குட்டைக்கால். என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள், விரைவாகப் போகலாம்," என்றது செவலை.

சுருளி அதன் முதுகுப் புண்ணைப் பார்த்தது.

"வேண்டாம். நீங்கள் சுமந்தது போதும்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் விரைந்து தத்தியது.

பன்றிக் குட்டையில் முசுடன் சேற்றோடு எழுந்து நின்றது. கண்ணை அகல விரித்தது.

"அழுங்கே! உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? ஒன்று வரும், இரண்டு வரும் என்றுதானே பேச்சு! பதினொன்றா? இத்தனை குளம்புத் தடத்தை நான் எதைக் கொண்டு அழிப்பேன்?"

"முடியாதா?"

"முடியாது என்று யார் சொன்னது? கத்தக்கூட விடமாட்டாயா?" என்று சீறிய முசுடன், மூங்கில் புதரைப் பார்த்து ஓர் உறுமல் உறுமியது. மேற்குக் குட்டையிலிருந்தும் கிழங்குக்காட்டிலிருந்தும் பன்றிகள் திமுதிமுவென்று வந்து சேர்ந்தன. ஓடை மணல் கலங்கியது. கழுதைகள் அந்தக் கறுப்பு முதுகுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்தன.

அப்போது ஓடை வளைவில் இன்னொரு கழுதை தெரிந்தது. நொண்டிக்கொண்டு வந்தது. உடையான்!

இடது காது கிழிந்தது கிழிந்தபடியே இருந்தது. வலது காதில் பாதியைக் காணவில்லை. தொடையில் இரண்டு கடி. கோள் சொன்னதற்காகத் தம்பி பக்கம் கடித்தது. "இந்தச் சண்டையே உன்னால்தான் வந்தது" என்று அண்ணன் பக்கம் கடித்தது. "காது கிழிந்தவனுக்கு இங்கே என்ன பேச்சு? போய்ச் சுமையைத் தூக்கு!" என்று வரிமுதுகனே உறுமியிருந்தது.

கழுதைகள் எல்லாம் நின்றுவிட்டன.

"அது வருவதானால் நான் வரமாட்டேன். குன்றுக்கே திரும்பிப் போவேன்," என்றது செவலை.

முசுடன் கோரைப்பல்லை மரத்தில் தீட்டியது. "சொல், அழுங்கே. இங்கேயே முடித்துவிடட்டுமா?"

"நீங்கள் கிளம்புங்கள். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றது சுருளி.

"நீயா?"

"நான்தான். கிளம்புங்கள்!"

பன்றிகளும் கழுதைகளும் மூங்கில் புதருக்குள் மறைந்தன. புழுதி அடங்கும்வரை சுருளி ஓடை நடுவில் குறுக்காக நின்றது. உடையான் பத்தடி தள்ளி நின்றது. மறைந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை தொங்கிக் கிடந்தது.

"தாயே," என்றது கடைசியில். "ஆறு எந்தப் பக்கம்?"

சுருளி அதை ஏற இறங்கப் பார்த்தது. இந்த வாய் நேற்று என்ன கேட்டது என்பதை அது மறக்கவில்லை. இந்த வாயால் யார் யார் முதுகு கிழிந்தது என்பதையும் மறக்கவில்லை.

"அதோ, இரட்டைப் பாறை தெரிகிறதா? நடுவே நுழைந்து நேராகப் போ. பாதையெல்லாம் கல் என்று கேள்வி. ஆறு அங்கே ஆழமாம். நீந்த வேண்டும்."

"வழியில் யாராவது வருவார்களா?"

"யாரும் வரமாட்டார்கள்."

உடையான் நொண்டி நொண்டி இரட்டைப் பாறையை நோக்கி நடந்தது. போகும்போது ஒரு பெயரும் கேட்கவில்லை.

குன்றில் சண்டை இருட்டும்வரை நடந்தது. கூழைவாலன் செத்தது. வரிமுதுகனுக்கு ஒரு கண் போயிற்று. மிஞ்சிய கழுதைப்புலிகளுக்கு இரையைத் தாமே உச்சிக்குச் சுமந்து பழக்கமில்லை. பாதி வழியிலேயே போட்டு, போட்ட இடத்திலேயே அதற்குச் சண்டையும் போட்டன. மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டைவிட்டே போய்விட்டன.

சுருளி பழையபடி புற்றைக் கிளறிக்கொண்டு, சருகு உதிர்ந்தால் சுருண்டுகொண்டு, ஓடைக்கரையிலேயே இருந்தது. முசுடன் எத்தனையோ முறை அந்தப் பக்கம் வந்து போனது. அன்று ஆற்றைக் கடந்தவை பதினொன்றா, பன்னிரண்டா என்று சுருளி யாரையும் கேட்கவே இல்லை.

நீதி: விடுதலை வேண்டி வந்தவர் வழியைக் கேட்பார், காட்டிக்கொடுக்க வந்தவர் பெயரைக் கேட்பார்.